மூன்றாவது சிலிண்டர்

பத்து மாவுங் படகுத்துறை. காலை ஏழே கால்.
நீர் ஏறிக்கொண்டிருந்தது.
"மாச்சா, இஞ்சின் பசியாறிடுச்சா?"
என்று கேட்டான் சஃபுவான்.
அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதி
இந்த ஒரு வாக்கியம்.

படகில் நான்கு முட்கள்,
ஓடி முடித்தபின்னும் உச்சத்தை மறக்காதவை.
மூன்று, மூன்று புகைக்குழாய்களின் சூட்டைச் சொல்லும்.
நான்காவது, மூன்றும் கூடும் இடத்தில் மூக்கை நுழைத்து
ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று
என்று சொல்லும்.
எங்கள் இஞ்சினுக்குப் பன்னிரண்டரை நல்ல சாப்பாடு.
பதினொன்று திகட்டல்.
பதினான்கைத் தாண்டினால் பட்டினி.
பட்டினி கிடக்கும் இஞ்சின் சோர்ந்து படுக்காது,
சூடேறி, இன்னும் சூடேறி,
தன்னையே தின்னத் தொடங்கும்.

எனக்கு அது தெரியும்.
பட்டறை மேசைமேல் ஒரு பிஸ்டன் இருக்கிறது,
தலையில் பத்துக் காசு அளவுக்கு ஓட்டை.
போன வருடப் பந்தயத்தில்
நான்தான் ஜெட்டைச் சிறிதாக்கினேன்.
நாலு கிலோமீட்டர் வேகம் கூடும் என்றேன்.
கூடியது.
நாற்பது விநாடிக்கு.
அப்புறம் சஃபுவான்
ஜெரெஜாக் தீவைப் பார்த்தபடி
ஒன்றரை மணி நேரம் மிதந்தான்.
ஒரு வார்த்தை திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

முதல் ஓட்டம்.
நான்காவது முள் பதினான்கு புள்ளி எட்டு.
என் வயிறுதான் முதலில் சுருங்கியது.
150 ஜெட்டைக் கழற்றி 155 மாட்டினேன்.
பதினைந்து.
160.
பதினைந்து புள்ளி மூன்று.
கொடுக்கக் கொடுக்க
இன்னும் பசி என்கிறது.

தவநாயகி ஊதா மையில் கட்டம் போட்டு எழுதுபவள்.
நோட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
"முதல் சிலிண்டர் 630, 605, 580.
ரெண்டாவதும் கிட்டத்தட்ட அதே.
மூணாவதப் பாரு: 470, 440, 395.
பட்டினின்னா உடம்பு கொதிக்கணும்னு நீதானே சொன்ன?
இவன் சில்லிட்டுப் போறான்."

துறையோரம் ஒரு மீன்படகு கடந்தது.
அதன் அலை அடங்கும்வரை
நான் ஸ்பேனரைத் தொடவில்லை.

நான்காவது முள்ளுக்குப் பெட்ரோல் வாசம் தெரியாது.
அதன் மூக்கில் ஏறுவது ஆக்சிஜன் மட்டும்.
மூன்றாவது சிலிண்டர்
வாங்கிய காற்றையும் வாங்கிய பெட்ரோலையும்
எரிக்காமல் பாதிக்குப் பாதி
அப்படியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.
மீந்த காற்றை மோந்த முள்
பெட்ரோல் போதவில்லை என்றது.
அடுப்பே பற்றாத வீட்டுக்கு
மூட்டை மூட்டையாய் அரிசி இறக்கியிருக்கிறேன்.

மூன்று தடவையும் ஸ்பேனரைப் பிடித்தது
என் கை அல்ல,
அந்த ஓட்டைப் பிஸ்டன்.

மூடியைத் திறந்தோம்.
மூன்றாவது பிளக்குக்குப் போகும் வயர்
கிளிப்பில் உரசி உரசித் தோலுரிந்து
உப்பில் பச்சை பூத்துக் கிடந்தது.
புது வயர் பதினெட்டு ரிங்கிட்.

நான்காம் ஓட்டத்தில் பத்து புள்ளி ஒன்பது,
மூன்று குழாயிலும் நீலப் புகை,
துறைமேல் நின்றவர்கள் இருமினார்கள்.
இறக்கினேன். 155.
இறக்கினேன். 150, புறப்பட்ட இடத்துக்கே.
இரண்டாவது பாலத்தின் பக்கமிருந்து
படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் வந்தது.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
632, 628, 635.
தவநாயகி எழுதி, அடியில் கோடு போட்டாள்.
அவள் கோடு போடுவது அபூர்வம்.

148 என் உள்ளங்கையில் இருந்தது.
ஊசி நுழையாத துளை.
இன்னும் இரண்டு கிலோமீட்டர்
அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

சஃபுவான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.
முட்களைப் பார்த்தான்.
என் கையைப் பார்த்தான்.
"கென்யாங்" என்றான்,
தன் வயிற்றைத் தட்டிக்கொண்டே.
நிறைந்துவிட்டது, போதும்.

பட்டறைக்கு வந்து
148ஐப் பிஸ்டன் தலைமேல் வைத்தேன்.
ஓட்டை வழியே உள்ளே விழுந்து
கிணுங்கென்றது.
எடுக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.