நூற்றைம்பது ராத்தல்

ட்ரியெஸ்தே துறைமுகம் விட்டு ஒன்பதாம் நாள் காலை
சிங்கங்களின் இறைச்சிக் கொக்கியில்
முதலாளி ஹாவ்ரானெக் தொங்கினார்.
கழுத்தில் ஊஞ்சல் கயிறு. ஒற்றைக் காலில் பூட்ஸ்.
கொக்கி என் தலைக்கு மேல் இரண்டு முழம்.
ஆளோ, கொழுத்த எருதில் பாதி.

கேப்டன் அண்ணாந்து பார்த்தார். பிறகு
வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார்:
கத்தி எறிபவன், கரடிக்காரி,
சாயம் கழுவியதால் யாரென்றே தெரியாத கோமாளி.
"இவ்வளவு உயரம் தூக்க
இந்தக் கப்பலில் ஒருத்தனால்தான் முடியும்."

பயில்வான் பொஹுமீர் மறுக்கவில்லை.
மீசையை ஒதுக்கிக்கொண்டு கைகளை நீட்டினான்.
விலங்கு அவனுக்குச் சிறியதாக இருந்தது.
அதில் அவனுக்கொரு சந்தோஷம்.

நான் கப்பல் தச்சன். பிணத்தைப்
பாய்த்துணியில் வைத்துத் தைத்ததும் நான்தான்.
காலில் கட்டக் கனமாக ஏதாவது கேட்டேன்.
பயில்வானின் குண்டை உருட்டிவிட்டார்கள்.
கறுப்புப் பூச்சு, வெள்ளையில் 150.
தொட்டதுமே தெரிந்துவிட்டது:
உள்ளே குடைந்த லிண்டன் மரம்.
கடைசல் வேலை அருமை.

விலங்கோடு நின்றவன்
என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
குனிந்தேன். முக்கினேன். பல்லைக் கடித்து
இரு கையாலும் தூக்கிக் கட்டினேன்.

ஜெபம் முடிவதற்குள் மழை. எல்லோரும் கீழே ஓடினார்கள்.
முதலாளி திரும்பி வந்தார்,
கால் முதலில்.

பார்த்தது இரண்டு பேர். நானும் ஸ்டிஸ்லாவாவும்.
ஐந்தடி கூட இல்லாதவள்.
மனிதக் கோபுரத்தில் அடியில் நிற்பவள்,
ஐந்து தம்பிகளைத் தோளில் தாங்கி.
உச்சியைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.
மால்டாவில் உச்சியிலிருந்த கடைக்குட்டி விழுந்தான்.
அந்தப் பெட்டியும் என் வேலைதான். நாலு ஃபுளோரின்.
முதலாளி அவள் சம்பளத்தில் ஏழு பிடித்தார்.

மிதக்கும் பாதங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
மூன்று மாலுமிகள் இழுக்கும் நங்கூரச் சங்கிலியை
ஒற்றைக் கையால் ஒதுக்கி
இடம் பண்ணி உட்கார்ந்தாள்.
அலை ஏறும்போதெல்லாம் அவர் தெரிந்தார்,
சிறுத்துக்கொண்டே.

இரவு பொஹுமீருக்கு சூப் கொண்டுபோனேன்.
"மூழ்கியதா?"
அவனைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் போதும்.
அது அவளைக் காட்டிக்கொடுத்திருக்கும்.
ஆனால் அவன் கண்ணில் இருந்தது தூக்குமேடைப் பயம் இல்லை.
"கல்லாட்டம்" என்றேன்.
சூப்பைத் தொடாமல் தூங்கிப்போனான்.

மான்டிவிடியோவில் அவனை இறக்க
போலீஸ்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள்.
படியில் நின்று திரும்பி,
விலங்குக்கு மேலே ஆறு விரல் விரித்துக் காட்டினான் எனக்கு.
அவனுக்குப் பின்னால் அவள்,
நாலு தம்பிகளின் பெட்டிகளையும் சுமந்து.
யாரும் கவனிக்கவில்லை.

கயிறு என் கனம் தாங்குமா என்று
கடைசியில் கேட்டானாம். துறைமுகத்தில் சொன்னார்கள்.

குண்டின் ஜோடி என்னிடம் இருக்கிறது.
ஒரு மூடி செய்து, ஆணிகள் போட்டுவைக்கிறேன்.
வருஷா வருஷம் கனம் ஏறுகிறது.
இன்னும் நூற்றைம்பது ஆகவில்லை.