வரிக்கு முப்பத்தேழு எழுத்து

சாலிகிராமத்தில், இரண்டாவது மாடியில்,
ஏசி ஒழுகுவதற்கு வாளி வைத்த அறையில்
பிரோஷ்காவுக்கு நான் தமிழ் எழுதுகிறேன்.
வரிக்கு முப்பத்தேழு எழுத்து.
மிஞ்சினால் திரை சிவக்கும்.

தொண்ணூற்றொரு வயது. நீலக் கம்பளிச் சட்டை.
முழங்கையில் தையல் பிரிந்திருக்கிறது.
பேட்டி எடுப்பவர் அதைப் பார்க்கவில்லை,
நான் நாற்பது முறை பார்த்துவிட்டேன்.
அவர் என்றுதான் சொல்லவேண்டும்;
நாற்பது முறையில் அவள் ஆகிவிட்டாள்.

"கேம்ப்" என்கிறாள். வெறும் கேம்ப்.
பழைய ஆபீசைச் சொல்வதுபோல.
முகாம் என்று அடித்துவிட்டு நிறுத்தினேன்.
கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம்,
வாக்காளர் பெயர் சேர்க்கும் சிறப்பு முகாம்,
பிளஸ் டூவில் பத்து நாள்
ஏரிக்கரையில் கருவேலம் வெட்டிய முகாம்.
முன்னால் 'வதை' சேர்த்தால் அகராதிக்குச் சரி.
அவள் சேர்க்கவில்லையே.

ஒலி பார்க்கும் காந்தரூபன்
கும்மிடிப்பூண்டியில் பிறந்தவன்.
ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னான்:
"முகாம் எண்டே விடுங்கோ அக்கா.
எனக்கு அது வீட்டு விலாசம்."
நான் வாயெடுப்பதைக் கண்டு உடனே,
"அது வேற, இது வேற.
ரெண்டையும் ஒரு தராசில வைக்காதேங்கோ."
நான் வைக்கவில்லை.
தராசைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் போல.

முப்பத்தோராம் நிமிடம்.
தங்கை எந்தப் பக்கம் போனாள் என்று கேட்கிறார்கள்.
"இடது."
பிறகு பதினான்கு நொடி ஒன்றுமில்லை.
மென்பொருள் கேட்கிறது:
இங்கே வசனம் விடுபட்டிருக்கிறதா?
வெளியே ஆற்காடு சாலையில்
மெட்ரோவுக்குத் துளை போடுகிறார்கள்,
மேசையில் டீ நடுங்குகிறது.
(அமைதி) என்று போடலாம், விதி இருக்கிறது.
ஆனால் அவள் பெருவிரலால்
உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்,
ஈரமாவு காய்ந்து ஒட்டியதுபோல.
காலியாக விட்டேன்.

விடுதலையான அன்று
ஒரு ஜாடி ஊறுகாயைத் தின்று வாந்தி எடுத்தேன்
என்று சிரிக்கிறாள்.
நானும் சிரித்து, பாதியில் கூசி,
அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கவே
மறுபடி சிரித்தேன்.

கடைசியில், எல்லோரும் கேட்பதைக் கேட்டார்கள்:
இளைஞர்களுக்கு என்ன சொல்வீர்கள்?
"அந்த ஜன்னலைச் சாத்துங்கள், குளிர்கிறது."
சாத்தினார்கள்.
"வரிசையில் நிற்கும்போது
பக்கத்திலிருப்பவள் பெயரைக் கேட்டுவையுங்கள்.
பிறகு கேட்க முடியாது."
மைக்கைத் தானே கழற்றினாள்.
எல்லாம் வரிக்குள் அடங்கியது.
ஓர் எழுத்தும் சிவக்கவில்லை.

விடிந்து திரும்பினால் தெருமுனையில்
மெட்ரோ வாட்டர் லாரி.
என் பச்சைக் குடத்துக்கு முன்னால்
நாலு கோடையாய் அதே மஞ்சள் குடம்.
அதற்குரியவளின் முதுகு தெரியும்,
பிடரி மச்சம் தெரியும்,
ஹவுஸ் ஓனரோடு போட்ட சண்டை
வார்த்தை பிசகாமல் தெரியும்.

"உங்க பேர் என்னங்க?"

திரும்பினாள். குடத்தை இடுப்போடு இறுக்கினாள்.
"எதுக்கு? லிஸ்ட் எடுக்கறீங்களா?"

பெயர் கேட்பவர்களைப் பற்றி இவள் அறிந்ததை
பிரோஷ்கா அறியாமலா இருப்பாள்.
அங்கும் முதலில் பெயரைத்தான் கேட்டிருப்பார்கள்,
மேசை போட்டு, மை தொட்டு,
உட்காருங்கள் என்றுகூட.
ராத்திரி முழுக்க எனக்கு இது தோன்றவில்லை.

"இல்லங்க. நான் பூங்கோதை.
பின்வீட்டு மாடி."

மேலும் கீழும் பார்த்தாள்.
குழாயைத் திறந்துவிட்டார்கள், கூட்டம் முண்டியது.
நகர்ந்தபடி ஏதோ சொன்னாள்.
லாரி இரைச்சலில் பாதிதான் விழுந்தது;
மணி என்று முடிந்தது மட்டும் தெரிந்தது.

தண்ணீர் என் காலில் வழிய
மறுபடி கேட்டேன்.