ஏழாம் எபிசோட்டுக்குத் தமிழ்

இரவு பன்னிரண்டுக்குப் பிறகுதான்
இரவு டேட்டா தொடங்கும்.
திருநெல்வேலிச் சந்திக்குப் பின்னால்
ஒரு வாடகை அறை, மூன்று பேர், ஒரு மடிக்கணினி,
மின்விசிறிக்கு நேரே காயும் துவாய்கள்.
ஒலிம்பஸ் பல்கலைக்கழகத்தின் கேற்
வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு இப்படித்தான் திறக்கும்.

டிலோஜினிக்கு ஆங்கிலம் ஓடாது.
"நீ பக்கத்தில இருந்து சொல்லச் சொல்ல
உன்ர முகத்தைத்தான் பாக்கிறன்,
அவன்ர முகத்தைப் பாக்கேலாமக் கிடக்கு" என்றாள்.
அவன் என்றால் ஹேடிஸ்.
அன்றுதான் அடிவரி எழுதத் தொடங்கினேன்.

முதல் எபிசோட்டில் எல்லோரும்
செய்தி வாசிப்பவர்கள் போலப் பேசினார்கள்.
"நான் உன்னை நேசிக்கிறேன்" என்று அப்பலோ சொல்ல
நிறோசா கட்டிலால் விழுந்து சிரித்தாள்.
இரண்டாவதில்
கடவுளருக்கு எங்கள் வாய் வந்தது.

ஸீயஸ் மாணவர் ஒன்றியத் தலைவர்.
எந்த மைக்கையும் தட்டி
மின்னலோடுதான் தொடங்குவான்.
அவனுக்கு மட்டும் மேடைத் தமிழ் கொடுத்தேன்.
பின்வாங்கிலிலிருந்து ஹீரா,
"உவர் துவங்கிட்டார்" என்கிறாள்.
உண்மையில் அவள் கண்ணை மட்டுந்தான் உருட்டினாள்.
அந்த வரி என்னுடையது.

கரோன் வளாக பஸ்ஸின் கொண்டக்டர்.
மிச்சக்காசு கேட்டால்
இறங்கேக்க தாறன் என்பான்.
அந்த பஸ்ஸால் இறங்கித் திரும்பி வந்தவர் யாருமில்லை.
டயோனிசஸ் வந்தால் நிறோசா எழும்பி உட்காருவாள்,
"உவன் எங்கட அச்சுவேலிப் பெடியன்."
அவர்கள் வளவில் முந்திரிகைப் பந்தல் இருக்கிறது.

ஹெபாயிஸ்டஸ் காலை இழுத்து இழுத்து வந்து
விடுதித் தண்ணி மோட்டரைத் திருத்திவிட்டுப் போகிறான்.
ஒருத்தரும் நன்றி சொல்வதில்லை.
கமரா மட்டும் அவன் கிறீஸ் கையில்
கொஞ்ச நேரம் நிற்கிறது.
எனக்கு இந்தத் தொடரைப் பிடித்துப்போனது
அந்தக் கொஞ்ச நேரத்தில்.

இப்போது ஏழாவது.
பரீட்சை முடிந்து பேர்செபனி வீட்டுக்குப் போகிறாள்.
கன்ரீனில் ஆறு மாதுளை விதை
தெரிந்தேதான் தின்றாள்.
தாய் டிமீட்டர் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் போன்:
சாப்பிட்டியா, என்னத்தோட, ஆரோட.
ஹேடிஸ் அவளது பையைத் தூக்கிக்கொண்டு
பஸ் தரிப்பிடம் வரை வருகிறான்.
அவள் திரும்பி, ஆங்கிலத்தில் இரண்டே சொல் சொல்கிறாள்.

நான் போகிறேன்.
அழித்தேன்.
போறன்.
"அப்பிடிச் சொல்லக்கூடாதடி" என்றாள் நிறோசா,
பேர்செபனி அவளுடைய மச்சாள் என்பது போல.

போட்டு வாறன்.

விசைப்பலகையில் கை அப்படியே நின்றது.
ஆறு விதை, ஒரு தாயின் கோபம்,
பூமி முழுக்கப் பனி,
இவ்வளவையும் வைத்து அவர்கள் சொல்லவந்ததை
நாங்கள் ஒவ்வொரு நாளும்
செருப்பைக் கொழுவும்போது சொல்லிவிடுகிறோம்.
அதையே சொல்லிப் போய்
வராமல் விட்டவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.
அடிவரியில் அதற்கு இடமில்லை,
ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்துத்தான்.

டிலோஜினி திரையை இரண்டு தரம் வாசித்தாள்.
வருகிற மாதம் அவளுக்குக் கனடா விசா நேர்முகம்.
அதைப்பற்றி நாங்கள் மூன்று பேரும்
கதைப்பதில்லை.

"அவன் என்ன சொல்லுறான்?"
ஒண்டும் சொல்லேல்லை. சும்மா நிக்கிறான்.
"ஓம் எண்டாவது சொல்லட்டுமடி. எழுது."

எழுதினேன்.
இரண்டு விநாடி.
ஹேடிஸின் மூடிய வாய்க்குக் கீழே
வெள்ளை எழுத்தில், ஓம்.

பிழைதான்.
திருத்தமாட்டேன்.