ஆறாவது கட்டம்

எங்கள் அடகுப் புத்தகத்தில் ஆறு கட்டங்கள்.
பொருள், எடை, மாற்று, பழுது, தொகை.
ஆறாவது 'செய்தவர்'.
அநேகமாக அது வெறுமையாகவே கிடக்கும்.
செட்டியார் தெருவில் எவரும்
மூக்குத்தித் திருகில் பெயர் வெட்டுவதில்லை.

துவான் இக்ராம் பொங்சோ
கொம்பனித்தெருவிலிருந்து மழையோடு வந்தார்.
பிஸ்கட் பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் சிலுவை.
"எங்கட வீட்டில இதுக்குப் பேர் எம்டன்" என்றார்.
கெட்டிக்காரப் பிள்ளைக்கும் எத்தனுக்கும்
இந்த ஊர் வைக்கிற அதே பேர்.
செய்தவன் யாரென்று தெரிந்தால்
துபாயில் ஒருவன் மூன்று மடங்கு தருவானாம்.
தெரியாவிட்டால்
வெள்ளி விலை.

காந்தத்தைக் காட்டினேன், துள்ளி ஒட்டியது.
உள்ளே இரும்பு, சுற்றிலும் வெள்ளிச் சட்டம்.
ஒரு முகத்தில் 1914, மறு முகத்தில் 1813.
நூற்றியொரு வருஷம்
இரண்டு காசின் தடிப்பில்.
முத்திரை இருந்தால் வளையத்தில் இருக்கும்.
வளையம் மழமழவென்று இருந்தது.

மூன்று வாரம், கடைக் கதவை இழுத்த பிறகு,
அச்செடுத்த படங்களை மேசையில் பரப்பி
மணி எண்ணினேன்.
ஒரு கரத்தின் ஓரத்தில் எத்தனை மணி,
கிரீடத்தில் எந்த முத்து சப்பை,
நான்கின் கால் எங்கே வளைகிறது.
அச்சுக்கும் வயது ஏறும், கோடு விழும்.
விழுந்த கோட்டை அதற்குப் பின் பிறந்த ஒவ்வொன்றும்
மச்சம் மாதிரிச் சுமந்து போகும்.
இதற்குக் கிரீடத்தின் கீழ், இடப்பக்கம்,
மயிரளவு.

பெர்லின் பட்டறை ஒன்றின் சிலுவையில் அந்தக் கோடு இருந்தது.
எழுந்து தேநீர் ஊற்றினேன், சந்தோஷத்தில் சீனி மறந்து.
பிறகு ஹனாவு பட்டறை ஒன்றின் சிலுவையிலும் இருந்தது.
அச்சைக் கடன் கொடுத்தார்களோ,
நடு இரும்பை விலைக்கு விற்றார்களோ.
இங்கும் அப்படித்தானே,
ஒருவன் வார்ப்பான், ஒருவன் கல் பதிப்பான்,
மூன்றாமவன் பலகையில் பேர் எழுதுவான்.

வீட்டுக் கதையும் கணக்குக்கு வரவில்லை.
அந்தக் கப்பல் கரைதட்டிய நாளில்
இந்தச் சிலுவை அதில் இருந்திருக்க வழியில்லை.
துறைமுகத்தில் யாரோ யாரிடமோ
சுருட்டுக்கு மாற்றியிருக்கலாம்.

வளையத்தைக் கடைசியாகத்தான் லென்சுக்குள் வைத்தேன்,
ஒன்றுமில்லாததை எதற்குப் பார்ப்பது என்று.
இணைப்பை நேராக வெட்டாமல் சரித்து வெட்டி,
பொடி வைத்து ஊதி,
நகத்துக்குத் தட்டாமல் அராவியிருந்தது.
பற்றில் லேசாய் மஞ்சள்.
இது எந்த ஜெர்மன்காரனும் இல்லை.
தாலிக்கொடிக் கொளுவியை
இந்தத் தெரு இப்படித்தான் மூடும்.

அப்போதுதான் கீழ்க் கரத்தில் நாலு பள்ளம் கண்டேன்.
சின்னது. வரிசையாக.
பால்பல்.

பெயர் வெட்டிய வளையம் ஒடுக்கம்,
குழந்தையின் கறுப்புக் கயிறு நுழையாது.
கழற்றியிருப்பார்கள், பெரிதாய் ஒன்று கேட்டிருப்பார்கள்.
பழையது கூலியோடு சேர்ந்து
ஊதுகுழல் முன்னால் உருகி
யாருடைய கொலுசிலோ
பெர்லினோ ஹனாவோ
ஜிந்துப்பிட்டி ஒழுங்கையில் நடந்து திரிந்திருக்கும்.

"பெர்லின் எண்டே எழுதித் தாங்கோ மிஸ்,
ஆருக்குத் தெரியப் போகுது?"
மூன்று மடங்கு என்றால் அவருக்கு
மகளின் இரண்டு தவணைக் கட்டணம். சொல்லியிருந்தார்.
பேனாவை மூடித் திறந்தேன்.
ஆறாவது கட்டம் நான்கு விரல் அகலந்தான்.
'சிலுவை: பெர்லின் அல்லது ஹனாவு. நிச்சயமில்லை.
வளையம்: இத்தெரு.'

தலைகீழாகவே வாசித்தார்.
கட்டைவிரலால் அந்தப் பள்ளங்களைத் தேடி
ஒவ்வொன்றாய்த் தடவினார்.
"இதுக்கு விலை குறையுமோ?"

குறையும், என்றேன்.

பஞ்சை ஒழுங்காக மடித்தார். பெட்டியை மூடினார்.
மழை விடும்வரை கூட நிற்கவில்லை.
அந்த வரியை நான் அடித்துவிட்டிருக்க வேண்டும்,
பொருள் இல்லாத வரி.
இன்னும் கிடக்கிறது,
தொகைக் கட்டம் மட்டும் வெறுமையாக.