இடது குச்சி

கிதீனியா துறைமுகத்தில் எனக்கு
இரண்டு குச்சிகளால் பிழைப்பு.
வலது தூக்கும், இறக்கும். இடது நகர்த்தும்.
நாற்பது மீட்டர் உயரம், கண்ணாடித் தரை,
கால்களுக்கிடையே கப்பல்.
இருபது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் வைப்பேன்.

வீட்டுக்கு வந்தாலும் கையில் இரண்டு குச்சிதான்.
அதில் இடதுக்கு நவம்பரிலிருந்து கிறுக்கு.
தொடவே வேண்டாம்,
என் வீரன் தானாக இடப்பக்கம் நடக்கிறான்
வேலி தாண்டி, கோழிகள் தாண்டி
ஏரிக்குள் இறங்கி மூழ்குகிறான்.
கிரேனில் இப்படி ஆகியிருந்தால்
செய்தியில் வந்திருப்பேன்.

பழுது பார்ப்பவர்களின் படிவம், ஏழாம் பத்தி:
உள்ளிருப்பவை அழிந்தால் நாங்கள் பொறுப்பல்ல.

மற்றதெல்லாம் மேகத்துக்கு ஏறிவிட்டது.
இந்த ஒரு ஆட்டம் மட்டும் மாட்டேன் என்கிறது.
நகல் கிடையாதாம்.
இங்கே இல்லாமல் போனால்தான்
இன்னொரு கருவியில் இருக்குமாம்.

கீழ்வீட்டுத் திமெக்கிடம் இருக்கிறது ஒன்று.
பதினோரு வயது. உட்காரவைத்துப் பேரம் பேசினான்:
என் பூசணிகளுக்குத் தினமும் தண்ணீர் விடுவான்,
விளைச்சலில் பாதி அவனுக்கு.
கைகுலுக்கினோம்.

அடுக்களை மேசையில் இரண்டையும் அருகருகே வைத்தோம்.
நாய்கள்போல் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டன.
"மூணாவது யாரு?"

போகுமில்.
உணவறையில் சூப் ஆறும்வரை ஆடியது,
மொத்தம் நான்கு நிமிடம்.
கிணற்றடியில் வெறுங்கையோடு நிற்கிறான்.
மறுமாதம் ராட்டர்டாமில் நல்ல சம்பளம் கிடைத்தது அவனுக்கு.

"யாருமில்ல. அதையும் எடு."
"நாலு நிமிஷம்தான இருக்கு?"
"எடு."

பட்டை நிரம்பியது, என் பக்கம் காலியானது.
கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி
அஞ்சலகத்துக்குக் கொண்டுபோனேன்.
உள்ளே என்ன என்று கேட்டாள் முத்திரை குத்துகிறவள்.
இப்போது ஒன்றுமில்லை என்றேன்.
அவள் 'உடையக்கூடியது' என்று ஒட்டினாள்.

பதினாறாம் நாள் திரும்பியது.
குச்சி நட்டுவைத்ததுபோல் நேராக நிற்கிறது.
பூசணி பாதி வந்தது, கணக்குச் சரி.
கிணற்றடியில் போகுமில் கையில் மட்டும்
ஒரு பூசணி இருக்கிறது.
நான் கொடுக்கவில்லை என்று
அம்மா மேல் சத்தியம் செய்கிறான் திமெக்.

நான் என் வீரனை நடக்கவிட்டேன்.
மூன்று மாதமாய் இழுப்பை எதிர்த்து
வலப்பக்கம் தள்ளியே பழகிய கட்டைவிரல்
கேட்காமல் தள்ளியது.
ஏரி இல்லாத பக்கம் போய்
முள்வேலியில் விழுந்தான்.

திங்கட்கிழமை கிரேனில் ஏறி
பெல்ட்டை மாட்டிய பிறகு
இடது கையை ஒருமுறை உதறிக்கொண்டேன்.