இரண்டாம் எண் ஊதுபொறி

நோன்பு மாதத்தில் கோலாலம்பூர் நாலரைக்கே எழுந்துவிடும்.
எனக்கு அதைச் சொல்வது வரத்துமானியின் முள்.
சஹூர் முடித்துக் கழுவிய தட்டுகளும்
ஒளுவுக்குத் திறந்த குழாய்களும் சேர்ந்து
அதைக் கொஞ்சம் தூக்கும்.
தீபாவளியன்று வேறு கதை.
விடியுமுன் சீயக்காய் வாசம்,
மத்தியானம் முறுக்குச் சட்டியின் எண்ணெய்
மஞ்சள் கட்டியாய்த் தொட்டியோரம் ஒதுங்கும்.
ஊர் வாழ்த்து அனுப்பும்.
நான் அள்ளுவேன்.

"எங்கம்மா வேலை?" என்பார்கள் கல்யாண வீட்டில்.
"தண்ணீர் இலாகா மாதிரி."
பொய்யில்லை. அந்த 'மாதிரி'க்குள்
என் பதினோரு வருடம் இருக்கிறது.

சல்லடையில் சிக்காதது எது!
ஒருமுறை முழுப் பல்செட்.
கழுவி வைத்திருந்தோம்.
யாரும் கேட்டு வரவில்லை.

நல்ல சேறு மைலோ நிறத்தில் இருக்கவேண்டும்,
மழை தொட்ட மண்ணாய் மணக்கவேண்டும்.
ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால்
காம்பில் ஆடும் கண்ணாடி மணிகள்,
ஒவ்வொன்றும் ஒரு வாய்.
ஊர் கழித்ததை உண்கின்றன.
கூலி, காற்று மட்டும்.

வியாழன் இரவு இடி இறங்கியது.
இரண்டு பத்துக்கு இரண்டாம் எண் ஊதுபொறி நின்றது.
ஒன்றாம் எண் ஏற்கெனவே பிரித்துப்போட்டபடி.
பதினோரு வருடமாய்க் காதில் இருந்த இரைச்சல் போனதும்
தவளைகள் கேட்டன.
குமிழிகள் அடங்கின.
உயிர்க்காற்றின் அளவு
இரண்டு, ஒன்று புள்ளி மூன்று, அரை.

கெப்போங்கிலிருந்து கிளம்பிய லிம் சூன் ஹோக்
வெள்ளத்தில் நின்ற காருக்குள்ளிருந்து
மலாயில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.
ஹபிசுதீன் டார்ச்சைப் பல்லில் கடித்து
அறுந்த பெல்ட்டை உருவினான்.

வரத்துக் கிணறு ஏறுகிறது.
பக்கத்தில் மதகு.
மதகுக்கு அப்பால் ஆறு,
மழையில் ஏற்கெனவே தே தாரிக் நிறம்.
இரண்டு சுற்றுத் திருப்பினால் போதும்,
இந்த இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?
நான் மதகைப் பார்த்தேன்.
ஹபிசுதீன் நான் பார்ப்பதைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை. டார்ச் வாயில் இருந்தது.

அப்போது கணக்கு வந்தது:
செந்தூலிலிருந்து இங்கே மூன்றரை மணி நேரம்.
ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது நான் கொட்டிய பருப்புத் தண்ணீர்,
மகன் துப்பிய பற்பசை நுரை,
இதோ, இந்தக் கிணற்றில்தான்.

ஓடிப்போய் ஸ்டோரைக் கவிழ்த்தேன்.
வேறு பொறிக்கு வாங்கிய பெல்ட், ஒரு விரல் நீளம் அதிகம்.
மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கினோம்.
என் கைநகம் ஒன்று அங்கேயே கிடக்கிறது.

நாலு ஐந்துக்கு முதல் குமிழி.

விடிந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன்.
பல மணிகள் காம்பைச் சுருட்டிக் கிடந்தன.
ஒன்று மட்டும்
மெல்ல வாய் திறந்தது.

வெளிவாயில் கால்வைத்துக் காத்திருந்தது உடும்பு.
ஜாடியில் பிடித்த நீருக்குப் பின்னால்
என் அடையாள அட்டையை வைத்தேன்,
எண்களைப் படிக்க முடிந்தது.
தெளிவு என்றால் குடிக்கலாம் என்றில்லை;
ஆற்றின் கையில் கூசாமல் கொடுக்கலாம்.
உடும்பு என்னைச் சட்டை செய்யவில்லை.
நீருக்குள் இறங்கிப்போனது.

வீட்டுக்கு வந்து பல் துலக்கினேன்.
துப்பியது குழாய்க்குள் வளைந்து இறங்கும் சத்தத்தை
கொஞ்சம் நின்று கேட்டேன்.
போய்ச்சேரும் நேரம்
நீலவேணி ஷிப்ட்டில் இருப்பாள்.
அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்:
'பெல்ட் தளர்ந்திருக்கிறதா பார்.'