ஞாயிறு வாளி

துரைப்பாக்கத்தில் எங்கள் விடுதியின் போர் தண்ணீருக்கு
நுரை என்றால் என்னவென்றே தெரியாது.
வாளியின் உள்ளே வெள்ளைக் கோடு போடும்,
குழாய் மூக்கில் சுண்ணாம்பாய் உறையும்.
தலையில் ஊற்றினால்
ஒவ்வொரு முடியும் தனித்தனியே கோபித்துக்கொண்டு நிற்கும்.

அதனால் ஞாயிறு. லாரி வரும் ஞாயிறு.
ஆளுக்கு ஒரு வாளி.
மேலே ஒரு குவளை கேட்டாலும்
வார்டன் பிலோமினா நோட்டைத் திறந்துவிடுவாள்.

மூன்றாம் மாடி, கடைசி அறை, நாலு பேர்.
வாளிகள் ஒரே அளவு. தலைகள்தான் வேறு.

தமயந்திக்கு மெல்லிய முடி.
பார்சல் கொடுத்துத் திரும்புவதற்குள்
ஹெல்மெட்டுக்குள் வெந்து எண்ணெய் வழியும்.
ஷாம்புவை உள்ளங்கையில் தண்ணீர்விட்டுக் கரைத்து
வேரை மட்டும் தொடுவாள்.
நுனிக்கு, வழிகிற நுரையே ஜாஸ்தி என்பாள்.

ரெஹானாவுக்கு இடுப்பைத் தாண்டிய அடர்த்தி.
வெறும் சீயக்காய் போட்டால்
செவ்வாய்க்கிழமை வரை தோளில் பொடி உதிரும்.
மெஸ் அக்காவிடம் கெஞ்சி வாங்கிய கஞ்சியில் குழைத்து
நாலு பாகமாய்ப் பிரித்துப் பூசுவாள்.
அவள் முடித்து வருவதற்குள்
நாங்கள் இட்லி தின்று, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடுவோம்.

நான் சுருட்டை.
பள்ளிக்கூடத்தில் தேங்காய் நார்.
பதினைந்து வருஷம்
அடிப்பிடித்த பாத்திரம்போல் தேய்த்தேன் இந்தத் தலையை.
ஒருமுறை துணி சோப்பாலும்.
இப்போதுதான் இரண்டு வருஷமாக
கண்டிஷனரை மட்டும் பூசி, விரலால் சிக்கெடுத்து,
பழைய பனியனில் ஒற்றி எடுக்கிறேன்,
கதவைத் தாழிட்டு, ஏதோ லஞ்சம் கொடுப்பதுபோல.

கோதையின் வாளியை
ஏழு மாதம் நாங்கள் மூவரும் பங்கு போட்டோம்.
"எனக்கெதுக்குடி? ஈரத்துணியால துடைச்சா முடிஞ்சுது."
அடையாறு ஆஸ்பத்திரிக் கோப்பு
அவள் தலையணைக்கு அடியில் இருந்தது.
நாங்கள் பார்க்காததுபோல் போர்வை மடித்தோம்.

போன ஞாயிறு
வாளியோடு குளியலறை வாசலில் நின்றாள்.
தொப்பியைக் கழற்றினாள்.

ஒரு விரற்கடை.
வகிடெடுத்தால் ஸ்கேல் வைத்ததுபோல் விழுந்த முடி அது.
இப்போது தலை முழுக்கக் கேள்விக்குறிகள்.

"இது என்னோடது இல்லப்பா.
யாரோடதோ மாறி வந்திருக்கு.
பார்த்தா உன் வகையறாவாட்டம் இருக்கு.
இதை எப்படிக் குளிப்பாட்டணும்?"

தாழிட்டு வைத்திருந்ததையெல்லாம் வாசலிலேயே சொன்னேன்.
சுடுதண்ணி வேண்டாம்.
நகம் படக்கூடாது, விரல் நுனி மட்டும்.
ரெண்டு நாளைக்கு ஒருமுறை வெறும் தண்ணி போதும்.
துண்டால் அடிக்காதே.
சொல்லிக்கொண்டே குனிந்த அவள் தலையில்
பட்டாணியளவு கண்டிஷனரைப் பூசினேன்.
மண்டையின் சூடு விரலுக்கு ஏறியது.
நடுவில் எனக்குச் சொல் தீர்ந்துபோனது.
அவளும் கேட்கவில்லை.

இரண்டு குவளையில் அலசியாகிவிட்டது.
வாளி ஏறக்குறைய அப்படியே இருந்தது.
பழக்கதோஷத்தில் தமயந்தி தன் குவளையை நீட்டினாள்.

"ம்ஹூம்," என்றாள் கோதை,
"இன்னிக்கு முழுசும் எனக்கு."

கீழே லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
அவள் வாளியை இரு கையாலும் தூக்கி
ஒரு விரற்கடை முடிக்கு
மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்துக்கொண்டாள்.